ஷரோனின் எட்டு நிமிட நடை

1

இந்தக் கார்த்திகையோடு நான் நோர்வேயின் பேர்கன் நகரத்துக்கு வந்து இருபத்தேழு வருடங்கள் முடிந்தன. அதை யாரும் கொண்டாடவில்லை. மழை பெய்தது. இங்கே மழை பெய்வது செய்தி அல்ல. பின்னேரம் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிட்டது. அதுவும் செய்தி அல்ல. அன்று நடந்த ஒரே புதுமை, சாப்பாட்டு மேசையில் வைத்து என் மகள் மரியா என்னிடம் நான்கு பக்கப் படிவம் ஒன்றில் கையெழுத்து வாங்கியதுதான்.

மரியாவுக்கு இருபத்திரண்டு வயது. இரண்டு நாட்டு அரசாங்கக் கந்தோர்களிலும் தடக்குப்படாமல் வாசிக்கட்டும் என்று நானும் மனைவியும் தேடி வைத்த பெயர். பல்கலைக்கழகத்தில் கைபேசிச் செயலிகளை வடிவமைக்கப் படிக்கிறாள். இறுதி வருட வேலையாக, இருட்டிய பிறகு வகுப்பு முடிந்து நடந்து வீடு திரும்பும் மாணவர்களுக்கு உதவ ஒரு செயலி செய்கிறாள். அதற்கு முதல், அப்படி நடந்த ஆட்களைப் பேட்டி காணவேண்டுமாம். என்னைவிட நடந்தவன் அவளுக்கு எங்கே கிடைப்பான்? கொழும்பில் கொட்டாஞ்சேனையிலிருந்து புறப்பட்டு, மொஸ்கோவில் ஒரு குளிர்காலம் படுத்து, பெயர் தெரியாத காடொன்றை மூன்று இரவுகளில் கடந்து, ஜெர்மனியில் உருளைக்கிழங்கு உரித்து, கடைசியில் மீன்பெட்டி தூக்க ஆள் தேவைப்பட்ட இந்த ஊரில் வந்து நின்றவன் நான். இப்போது ஒரு ஆரம்பப் பாடசாலையில் துப்புரவு வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பதினொரு வருடமாகத் தினமும் பள்ளிக்கூடம் போகிறேன்.

"அப்பா, இது ஒப்புதல் படிவம். நீங்கள் எப்பவும் விலகலாம்" என்றாள் மரியா.

"எதிலயிருந்து?"

"என்ர ஆராய்ச்சியில இருந்து."

"தகப்பன் வேலையில இருந்தும் விலகலாமோ?"

அவள் சிரிக்கவில்லை. பேட்டி காணும்போது சிரிக்கக்கூடாது என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். "இருட்டில் தனியாக நடக்கையில் எதனால் பாதுகாப்பில்லை என்று உணர்ந்தீர்கள்?" என்று நோர்வேஜிய மொழியில் வாசித்தாள். தெரிவுகள் இருந்தன: வெளிச்சமின்மை, அந்நியர், குடிகாரர், நாய், வழுக்கும் பனி, வேறு.

"வேறு" என்றேன்.

"என்ன வேறு?"

"வேறு எண்டு போடு."

போட்டாள். படிவம் அதை ஏற்றுக்கொண்டது. இந்த நாட்டுப் படிவங்களில் எனக்குப் பிடித்த குணம் அது.

2

செயலியைச் சொந்த ஊரில் மட்டும் சோதித்தால் போதாது, வேறு நாட்டிலும் சோதிக்கவேண்டும் என்று அவளுடைய ஆசிரியை சொல்லிவிட்டார். மரியாவுக்குத் தெரிந்த வேறு நாடு ஒன்றுதான். அங்கே அவளுக்குத் தெரிந்த மாணவியும் ஒருத்திதான். என் தங்கை ஸ்டெல்லாவின் மகள் ஷரோன்.

ஸ்டெல்லா கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றில், தொடர்மாடியின் மூன்றாம் தட்டில் இருக்கிறாள். அவள் புருஷன், என் மச்சான், கட்டாரில் களஞ்சியக் காப்பாளர். ஸ்டெல்லா காலி வீதியில் ஒரு சேலைக் கடையில் காசுப் பெட்டியடியில் இருக்கிறாள். வீடு போக எட்டரை ஆகும். ஷரோன் உயர்தரம் படிக்கிறாள். அவளுடைய பௌதிகவியல் வகுப்பு சனிக்கிழமைப் பகலில் இருந்தது. ஆசிரியருக்கு மண்டபம் கிடைக்காமல் போய், வாரநாட்களில் மாலை ஐந்தரையிலிருந்து ஏழரை என்று மாறிவிட்டது. வகுப்பிலிருந்து வீட்டுக்கு எட்டு நிமிட நடை. ஆனால் ஏழரைக்கு வெள்ளவத்தையில் நல்ல இருட்டு.

முதலில் ஷரோன் சேலைக் கடையில் தாய்க்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் இருந்து, எட்டரை வரை காத்திருந்தாள். கடை முதலாளி இரண்டு கிழமை பார்த்துவிட்டு, "பிள்ளை கஸ்டமர் எண்டு நினைச்சுச் சேலை காட்டுறாங்கள், எங்கட ஆக்களே" என்றார். அதோடு அது முடிந்தது.

"அப்ப கிளாஸை விடட்டும்" என்றாள் ஸ்டெல்லா தொலைபேசியில்.

"அம்மா, எட்டு நிமிஷம்!" என்று பின்னால் ஷரோன் கத்துவது கேட்டது. "எட்டு நிமிஷத்துக்கு நான் பிசிக்ஸை விடுறதா?"

அந்தப் பிள்ளை பொறியியல் படிக்க ஆசைப்படுகிறாள். எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை வந்த முதல் ஆள் அவள். மரியாவின் செயலி அந்த நேரம் பார்த்துத்தான் வந்தது. கடவுளே அனுப்பியதுபோல் ஸ்டெல்லாவுக்குப் பட்டது. செயலி வேலை செய்தால் ஷரோன் தனியாக நடக்கலாம். வேலை செய்யாவிட்டால் வகுப்பு நிற்கும். அப்படித்தான் ஒப்பந்தம்.

3

செயலி இப்படித்தான். புறப்படும்போது ஒரு பொத்தானை அமர்த்தவேண்டும். வெளிச்சம் கூடிய தெருக்களாகப் பார்த்து அது வழி காட்டும். நீங்கள் நடப்பது நீங்கள் நம்பும் ஐந்து பேரின் கைபேசிகளில் நீலப் புள்ளியாகத் தெரியும். இரண்டு நிமிடத்துக்கு மேல் நின்றாலோ, வழி மாறினாலோ, நலமா என்று கேட்கும். முப்பது விநாடிக்குள் பதில் வராவிட்டால் ஐந்து பேருக்கும் அபாய மணி அடிக்கும்.

தமிழ் வாசகங்களை எழுதிக் கொடுத்தது நான். எழுத்துத் தமிழ் என்றால் எனக்குக் கோட்டை ரயில் நிலைய அறிவித்தல்தான் ஞாபகம் வரும். "தாங்கள் தற்சமயம் பாதுகாப்பாக உள்ளீர்களா?" என்று எழுதினேன். "மாமா, அடுத்து மாத்தறை போற கோச்சி வருமெண்டு நினைச்சன்" என்று ஷரோன் குரல் செய்தி அனுப்பினாள்.

நம்பும் ஐந்து பேர் என்று மரியா நினைத்தது, ஓடி வரக்கூடிய ஐந்து பேரை. அதே கட்டடத்தில் இருப்பவர், முன் கடைக்காரர், வகுப்புத் தோழியின் தகப்பன், இப்படி. ஸ்டெல்லா பதிந்து அனுப்பிய பட்டியல் இது: ரொறன்ரோவில் எங்கள் பெரியக்கா மெற்றில்டா. மெல்பேர்னில் கடைசித் தம்பி ரெஜி. கட்டாரில் தன் கணவர். பேர்கனில் நான். ஐந்தாவதாகத் தான்.

"ஸ்டெல்லா மாமி, இவர்கள் எப்படி உதவிக்கு வருவார்கள்?" என்று மரியா தன் தமிழில் கேட்டாள்.

"நம்பிக்கையான ஆக்களைத்தானே கேட்டனீங்கள்? எங்கட ஆக்களை விட ஆரை நம்புறது?"

"கீழ்வீட்டில் ஒருவர் இல்லையா?"

"ஐயோ! கீழ்வீட்டுக்குத் தெரிஞ்சால், பொம்பிளைப் பிள்ளை தனிய நடக்குது எண்டு கட்டடம் முழுக்கக் கதைச்சுப் போடுவினம்."

மரியா என்னைப் பார்த்தாள். எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. பதினெட்டு வயதில் நான் வெள்ளவத்தையில் ஒரு கொமியூனிக்கேஷன் கடையில் வேலை பார்த்தேன். வெளிநாட்டுக்குப் பேச வருகிறவர்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டு, நிமிடக் கணக்கில் காசு வாங்கும் கடை. பெட்டியின் கதவைச் சாத்தினாலும் எல்லாம் கேட்கும். பக்கத்து வீட்டுக்கு மூச்சும் விடாத விஷயங்களை எங்கள் பெண்கள் பாரிசுக்கும் லண்டனுக்கும் தொண்டை கிழியச் சொன்னார்கள். வெளியே வரிசையில் பக்கத்து வீட்டுக்காரி நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் முறை வந்ததும் உள்ளே போய்த் தன்னுடையதைக் கத்துவாள். வெளியே வந்ததும் இருவரும், "என்ன, சந்தைக்கோ?" என்று கேட்டுக்கொண்டு போவார்கள்.

வகுப்பில் இன்னும் ஐந்து பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். அவர்களின் தாய்மாரும் ஸ்டெல்லாவைப் போலவே எழுதினார்கள். ஒருத்தியின் பட்டியலில் மட்டும் உள்ளூர் ஆள் ஒருவர் இருந்தார், தேவாலயத்துச் சுவாமி. அவரும் அப்போது உரோமாபுரிக்கு யாத்திரை போயிருந்தார். மரியா தலையில் கை வைத்தாள். அவளுடைய ஆசிரியையோ உருகிப்போய்விட்டாராம். கண்டங்களைக் கடந்த பராமரிப்பு வலையாம். அதைப் பற்றித் தனியாக ஒரு அத்தியாயம் எழுதச் சொன்னாராம்.

4

முதல் நாள் அங்கே ஏழரை, எனக்குப் பின்னேரம் மூன்று மணி. பிள்ளைகள் போன பிறகு முதலாம் வகுப்பு நடைபாதையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கைபேசி அதிர்ந்தது. நீலப் புள்ளி புறப்பட்டுவிட்டது. துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுப் பார்த்தேன். அது காலி வீதிவரை ஒழுங்காக வந்து, அங்கே நின்றுவிட்டது. இரண்டு நிமிடம். பிறகு மணி அடித்தது. வெறும் பள்ளிக்கூடத்தில் அது தீயணைப்பு மணிபோலக் கேட்டது.

ரொறன்ரோவில் அக்கா காலைத் தேத்தண்ணியைக் கொட்டினாள். மெல்பேர்னில் ரெஜிக்குச் சாமம் ஒரு மணி. படுக்கையிலிருந்து விழுந்தான் என்று அவன் மனைவி சொன்னாள். நடந்தது என்னவென்றால், ஷரோன் செயலி கேட்டதைக் கவனிக்காமல், மஞ்சள் கோட்டில் நின்று வீதியைக் கடக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இரண்டு நிமிடம் ஏன் காருகள் நிற்கவில்லை?" என்று மரியா கேட்டாள். அவளுக்கு அதை விளக்க எங்களால் முடியவில்லை. இரண்டு நிமிடத்தை ஐந்தாக மாற்றிவிட்டாள்.

அதற்குப் பிறகு நாங்கள் பழகிவிட்டோம். பழகியது என்று சொல்வது சரியல்ல, வேலையாகவே எடுத்துக்கொண்டோம். ரெஜி ஒரு வட்ஸ்அப் குழு தொடங்கினான். பெயர்: "ஷரோன் வருகிறாள்". கிழமையில் இரண்டு நாள் ஐந்து பேரும் அதில் கூடுவோம். வருடக்கணக்காகக் கதைக்காமல் இருந்த ரெஜியும் மச்சானும் அந்தப் புள்ளியின் புண்ணியத்தில் கதைத்தார்கள்.

"பேக்கரியடி வந்திட்டாள்" என்பார் மச்சான்.

"ஏன் மெதுவாப் போறாள்? செருப்பு அறுந்திட்டுதோ?" என்பாள் அக்கா.

"பேக்கரி இருந்தது மற்றப் பக்கமெல்லோ?" என்பான் ரெஜி.

"அது எப்பவோ பூட்டியாச்சு, ரெஜி மாமா" என்று நடந்துகொண்டே ஷரோன் எழுதுவாள்.

"ஃபோனைப் பாத்து நடக்காதே!" என்று நால்வரும் ஒன்றாக எழுதுவோம். அவள் அதையும் வாசிக்க நிற்பாள்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது அவளை அல்ல. இதை அப்போது நான் யோசிக்கவில்லை. ரெஜியின் தலைக்குள் இருந்தது அவன் விட்டுப்போன வெள்ளவத்தை. அக்காவின் தலைக்குள் அதற்கும் முந்தியது. அவளுடைய வெள்ளவத்தையில் அந்த ஒழுங்கையில் ஒரு கிணறும் கடிநாயும் இருந்தன. "கிணத்தைச் சுத்திப் போ பிள்ளை" என்று ஒருநாள் எழுதினாள். அந்த இடத்தில் இப்போது எட்டுமாடிக் கட்டடம் நிற்கிறது.

5

நாலாவது கிழமை, ஒரு வியாழக்கிழமை. ஷரோன் காலி வீதியைக் கடந்துவிட்டாள். அங்கிருந்து வீட்டுக்கு இரண்டு வழி. ஒன்று கடைகளும் விளக்குகளும் உள்ள ஒழுங்கை. செயலி காட்டும் வழி அதுதான். மற்றது பின்னொழுங்கை, மதில்கள், மா மரங்கள், ஒரே ஒரு விளக்கு, அதுவும் எரியாது.

அவள் சாதாரணமாகத்தான் எழுதினாள்: "ஒழுங்கை முனையில பொலிஸ் நிக்குது. ஹெல்மெட், லைசன்ஸ் செக் பண்ணுறாங்கள். பைக்கெல்லாம் லைன்ல."

அவள் பைக்கில் போகவில்லை. நடந்து போகிறாள். பள்ளிப் பை தோளில். அதைப் பார்த்த பொலிஸ்காரர், தள்ளிப்போ பிள்ளை என்றுதான் சொல்லியிருப்பார்.

என் விரல் என்னைக் கேட்காமல் எழுதியது: "வெளிச்சத்துக்குப் போகவேண்டாம். பின்னொழுங்கையால வா."

"ஓம் ஓம், பின்னால வா" என்றாள் அக்கா.

"ஐ.சி. கையில இருக்கோ?" என்று அடையாள அட்டையைக் கேட்டார் மச்சான்.

"ஓடாதே, நட" என்றான் ரெஜி. அவன் சாமத்தில் எழும்பியிருந்தான்.

"ஏன்?" என்று ஷரோன் கேட்டாள்.

"சொன்னதைக் கேள்" என்று எழுதினேன்.

அவள் திரும்பினாள். செயலி வழி மாறியதைக் கண்டு, "தாங்கள் தற்சமயம் பாதுகாப்பாக உள்ளீர்களா?" என்று கேட்டிருக்கிறது. ஆம் என்று அமர்த்திவிட்டு நடந்தாள். எழுபது, எண்பது மீற்றர் போயிருப்பாள். வடிகாலுக்கு மேல் போட்டிருந்த கொங்கிரீட் பலகை ஒன்று உடைந்திருந்தது. கால் உள்ளே போனது. கைபேசியும் உள்ளே போனது. தண்ணீருக்குள் விழுந்து செத்துப்போனது.

எங்கள் ஐந்து பேரின் திரையிலும் நீலப் புள்ளி சாம்பல் நிறமானது. பிறகு மணி.

அடுத்த இருபத்தைந்து நிமிடத்தை ஒழுங்காக எழுத என்னால் முடியாது. நான் ஸ்டெல்லாவுக்குப் போன் எடுத்தேன். அக்கா ஸ்டெல்லாவுக்கு எடுத்தாள். மச்சான் ஸ்டெல்லாவுக்கு எடுத்தார். ஒருவர் வைக்க மற்றவர் பிடித்தோம். எல்லோரும் அவளுக்குச் சொன்னது ஒரே விஷயம், பிள்ளையைக் காணவில்லை என்று. அவள் சேலைக் கடையின் நடுவில் நின்று அழுதாள். அக்கா செபமாலையைக் குரல் செய்தியாக அனுப்பத் தொடங்கினாள், ஐம்பத்துமூன்று மணியும். ரெஜி இணையத்தில் ஒரு பொலிஸ் இலக்கத்தைத் தேடி எடுத்தான். அது மலைநாட்டில் எங்கேயோ உள்ள நிலையம். அங்கிருந்தவர் நல்ல மனிதர்.

"எங்கிருந்து கதைக்கிறீர்கள்?"

"மெல்பேர்ன்."

"காணாமற்போன பிள்ளை மெல்பேர்னிலா?"

"இல்லை சேர், வெள்ளவத்தையில்."

"கொஞ்சம் இருங்கள்" என்று அவர் எழும்பிப் போய், வெளியே பார்த்துவிட்டு வந்து, இந்தப் பக்கம் பாடசாலை உடுப்போடு பிள்ளை ஒன்றும் வரவில்லை என்றாராம்.

இதற்கிடையில் ஷரோன் வடிகாலிலிருந்து ஏறி, நொண்டிக்கொண்டு ஒரு கேற்றைத் தட்டியிருக்கிறாள். ஹவுஸ்கோட் போட்ட சிங்களப் பெண் ஒருத்தி வந்தாள். "பயவெண்ட எப்பா நங்கி" என்று, பயப்படாதே தங்கச்சி என்று சொல்லி, இருத்தித் தண்ணீர் கொடுத்தாள். கணுக்காலுக்கு ஐஸ் வைத்தாள். தன் போனைக் கொடுத்தாள். ஷரோனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த இலக்கம் தாயுடையது ஒன்றுதான். நாங்கள் மற்ற நால்வரும் வடிகாலுக்குள் இருந்தோம்.

எடுத்தாள். ஸ்டெல்லா பதில் சொல்லவில்லை. மறுபடி எடுத்தாள். ஐந்து தடவை.

"தெரியாத நம்பர் ஒண்டு விடாமல் வந்துகொண்டிருந்தது, அண்ணா" என்று பிறகு ஸ்டெல்லா சொன்னாள். "அந்த நேரம் பாத்து! கட் பண்ணிக் கட் பண்ணி என்ர விரலே நோகுது. தெரியாத நம்பர் எடுக்காதே எண்டு பெரியக்காதானே சொல்லித் தந்தவ?"

கடைசியில் அந்தப் பெண் சந்தியில் நின்ற முச்சக்கர வண்டிக்காரரைக் கூப்பிட்டு, தானும் ஏறி, பிள்ளையைச் சேலைக் கடைக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். ஸ்டெல்லா அப்போதும் போனில்தான் இருந்தாள். என்னோடு. "அண்ணா, வந்திட்டாள்" என்றாள். பிறகு ஷரோனின் குரல் கேட்டது: "அம்மா, முதல்ல அந்தப் ஃபோனை வையுங்கோ."

6

மரியாவுக்கு இது சம்பவம். சம்பவம் என்றால் அதற்கு ஒரு படிவம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அதே சாப்பாட்டு மேசையில், அதே மழையில், மடிகணினியைத் திறந்தாள்.

"பயனாளர் பரிந்துரைத்த வழியை ஏன் விட்டார்?" என்று வாசித்தாள். "அப்பா, எனக்கு விளங்கவில்லை. அது நல்ல வெளிச்சமான வழி. நான் தெருவிளக்கு எல்லாம் எண்ணினேன்."

"குழுவில சொன்னவை."

"யார் முதல் சொன்னது?"

அவளுக்குத் தமிழ் கதைக்க வரும், எழுத்து வராது. என் கைபேசியில் குழுவைத் திறந்து என் கையில் கொடுத்து, "வாசியுங்கோ" என்றாள். நான் என் செய்தியை நானே உரத்து வாசித்தேன். வெளிச்சத்துக்குப் போகவேண்டாம். பின்னொழுங்கையால வா. வாசிக்கும்போது அது எனக்கே ஒரு பைத்தியக்காரன் எழுதியது போலக் கேட்டது.

"ஏன் அப்பா?"

இருபத்திரண்டு வருடத்தில் அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒளித்து வைத்திருந்தேன் என்றில்லை. சொல்வதற்கு ஒரு இடம் வரவில்லை.

சொன்னேன். கொமியூனிக்கேஷன் கடை பூட்ட ஒன்பதரை ஆகும். பஸ்ஸில் வந்து கொட்டாஞ்சேனையில் இறங்கினால் வீட்டுக்கு ஏழு நிமிட நடை. யுத்த காலம், இடையில் ஒரு இராணுவக் காவலரண். அந்த ஏழு நிமிடத்தில் வெளிச்சமான இடம் அது ஒன்றுதான். பெரிய விளக்கு, அதன் கீழே மணல் மூட்டை. வெளிச்சத்துக்குள் போகுமுன் கையைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவேண்டும். ஓடக்கூடாது. நிற்கவும் கூடாது. அடையாள அட்டையில் பெயரைப் பார்த்ததும் வீட்டில் உள்ளவர்கள் பட்டியல் கேட்பார்கள். பொலிஸில் பதிந்து முத்திரை குத்திய தாள். அதன் நகல் எப்போதும் என்னிடம் இருந்தது. இருந்தும் மூன்று தடவை கொண்டுபோனார்கள். இரண்டு தடவை காலையில் விட்டார்கள். ஒரு தடவை ஒன்பது நாள். அடித்தார்களா என்று மரியா கேட்டாள். எல்லோருக்கும் அடித்தார்கள், எனக்குக் குறைவு என்றேன். அது உண்மைதான். அதன் பிறகு மதிலோரமாக, வெளிச்சம் இல்லாத பக்கத்தால் சுற்றிப் போகப் பழகினேன். பதினைந்து நிமிடம் எடுக்கும். இருட்டில் என்னை ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை.

படிவம் காத்துக்கொண்டிருந்தது. "அடிப்படைக் காரணம்" என்ற பெட்டிக்குள் ஒரு வரிக்கு மட்டும் இடம் இருந்தது. கடைசியில் மரியா ஏதோ எழுதினாள்.

"என்ன எழுதினனி?"

தயங்கிவிட்டு மொழிபெயர்த்தாள். "பயனாளரின் மாமாவுக்கு வெளிச்சத்தில் பயம்."

நான் சிரித்துவிட்டேன். அவளும் முதலில் சிரித்தாள். பிறகு எழும்பிப் போய், தேவையில்லாமல் கோப்பைகளைக் கழுவினாள்.

7

அடுத்த செவ்வாய்க்கிழமை குடும்பக் கூட்டம். ஐந்து பெட்டிகளில் ஐந்து முகங்கள். ஸ்டெல்லாவின் பெட்டியில் ஷரோனும் இருந்தாள், காலில் கட்டோடு.

"போதும்" என்றாள் ஸ்டெல்லா. "கிளாஸை நிப்பாட்டுறன். உயிரோட இருந்தால் அடுத்த வருஷம் படிக்கலாம்."

"அம்மா, நான் விழுந்தது ரோட்டாலயா? இவையளாலயா?"

"பெரிய ஆக்களோட இப்பிடிக் கதைக்கிறதோ?" என்றாள் அக்கா.

"பெரியம்மா, நான் மூண்டு கிழமை ஒழுங்கா வந்தனான். கிணத்தைச் சுத்திப் போ எண்டு சொன்ன அண்டைக்கும் ஒழுங்கா வந்தனான். நான் நடக்கிறன். செயலி வழி காட்டட்டும். ஆனால் ஒருத்தரும் பாக்கக்கூடாது. ஒருத்தரும்."

"வந்து சேர்ந்ததும் ஒரு மெசேஜ் ஆவது போடுவாய்தானே?" என்றார் தகப்பன், கட்டாரிலிருந்து, மெதுவாக.

"இல்லை அப்பா. வந்து முகம் கழுவிப் படிக்க இருப்பன். மெசேஜ் போட்டால் நீங்கள் அதுக்குக் காத்துக்கொண்டு இருப்பீங்கள். ஒருநாள் மறந்தால் ரெஜி மாமா மலைநாட்டுக்கு அடிப்பார்."

ரெஜி தன் பெட்டிக்குள் குனிந்தான்.

"அந்த ஹவுஸ்கோட் ஆன்டி என்ன சொன்னவ தெரியுமா?" என்றாள் ஷரோன். "ஒவ்வொரு செவ்வாய், வியாழனும் ஏழு நாப்பதுக்குப் ஃபோனைப் பாத்துக்கொண்டு சந்தியில தடக்கி விழப்போற பிள்ளை நீதானே எண்டு கேட்டவ. அவக்கே தெரியும், அம்மா. கீழ்வீட்டுக்கும் தெரியும். கட்டடம் முழுக்கத் தெரியும்."

ஸ்டெல்லாவின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். வடிகாலில் பிள்ளை விழுந்ததை விட அது அவளுக்குப் பெரிய அடி. பிறகு, "அண்ணா சொல்லட்டும்" என்றாள்.

அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் அது வழக்கம். மூத்த ஆண் நான். பத்து வருடத்துக்கு ஒருதரம் போய் இரண்டு கிழமை நிற்கிற ஆள், அந்தத் தெருவில் நடக்கலாமா என்று தீர்ப்புச் சொல்லவேண்டும்.

மற்ற நாலு பெட்டியும் என்னைப் பார்த்தன. எனக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. வேண்டாம் என்பது எனக்கு மிகச் சுலபமான சொல். அதனால்தான் நான் இவ்வளவு தூரம் வந்து சேர்ந்தேன்.

"எந்த ஒழுங்கையால போவாய்?" என்று கேட்டேன்.

"வெளிச்ச ஒழுங்கையால."

"பொலிஸ் நிண்டால்?"

"நிண்டால் என்ன மாமா? குட் ஈவினிங் சொல்லிப்போட்டுப் போவன்."

அவள் அதைத் துணிச்சலாகச் சொல்லவில்லை. கடையில் பாண் வாங்குவேன் என்பது போலச் சொன்னாள்.

"நடக்கட்டும்" என்றேன்.

ஆனால் செயலி ஒத்துக்கொள்ளவில்லை. நம்பும் ஆள் ஒருவராவது இல்லாவிட்டால் அது புறப்படாது. மரியா அப்படித்தான் செய்திருந்தாள். பூச்சியம் என்பதையும் ஓர் எண்ணாக அது ஏற்கவேண்டும் என்றால், அவள் மாற்றக் கோரிக்கைப் படிவம் நிரப்பி, ஆசிரியையிடம் அனுமதி பெறவேண்டும். யாரையும் நம்பாத மாணவர்களுக்காகவா என்று ஆசிரியை எழுதிக் கேட்டாராம். இல்லை, அதிகமாக நம்பப்படும் மாணவர்களுக்காக என்று மரியா பதில் எழுதினாள். அனுமதி கிடைத்தது. என் மகள் கெட்டிக்காரி என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஷரோனின் கால் தேறி, புதுக் கைபேசியும் வந்த பிறகு ஒரு வியாழக்கிழமை மூன்று மணி. முதலாம் வகுப்பு நடைபாதை. கைபேசி அதிரவில்லை. திரையில் பார்க்க ஒன்றும் இல்லை. "ஷரோன் வருகிறாள்" குழுவை ரெஜி கலைத்துவிட்டான். நான் துடைப்பத்தை வாளியில் தோய்த்தேன், பிழிந்தேன், திரும்பவும் தோய்த்தேன்.

மூன்று மணி இரண்டு நிமிடத்துக்குக் கைபேசி அடித்தது. அக்கா.

"தம்பி, வேலையோ?"

"ஓம்."

"உனக்கு ஒண்டும் தெரியேல்லைத்தானே?"

"ஒண்டும் தெரியேல்லை."

"எனக்கும்."

இருவரும் வைக்கவில்லை. அவள் பக்கம் கேத்தல் கொதிக்கும் சத்தம் கேட்டு, அடங்கியது. என் பக்கம் துடைப்பத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

"காலி வீதி கடந்திருப்..."

"கதையாதே அக்கா."

"சரி, சரி."

வகுப்பறைச் சுவரில் பிள்ளைகள் நேரம் படிக்கவென்று மாட்டிய பெரிய மணிக்கூடு ஒன்று உண்டு. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா மூச்சு விடுவது கேட்டது. மூன்று ஐந்து. மூன்று ஏழு. மூன்று ஒன்பது ஆகும்வரை அறுபத்தாறு வயதுப் பெண்ணும் ஐம்பத்துமூன்று வயது ஆணும், சமுத்திரத்தின் இரண்டு கரையில் நின்று, ஒன்றையும் பார்க்காமல் இருந்தோம்.

"வைக்கிறன், தம்பி" என்றாள் அக்கா. "தேத்தண்ணி ஆறிப்போச்சு."

"ஓம்."

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் வகுப்புக்குப் போனேன்.